நாற்காலிக்கு வரும் அன்பளிப்பு

அஸ்ஸலாமு அலைக்கும். நேயர்களே, லஞ்சம் கூடாது என்பது அதை வாங்குகிறவருக்கும் தெரியும். அது அன்பளிப்பாக வரும்போதுதான் நல்ல மனிதர்களும் சறுக்குகிறார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பனூ சுலைம் குலத்தாரிடம் ஜகாத் என்னும் கட்டாய தர்மத்தை வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவரிடம் கணக்குக் கேட்டார்கள். "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது" என்றார் அவர். கவனியுங்கள், அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் நாயகம் விடவில்லை: "உன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது உன்னைத் தேடி வந்திருக்குமா?" பிறகு பள்ளிவாசல் மேடையான மிம்பரில் ஏறி, பெயரைச் சொல்லாமல், இதை எல்லோருக்குமான எச்சரிக்கையாக்கினார்கள். நபிமொழித் தொகுப்புகளான புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது.

ஒளிக்காமல் சொன்னது மட்டும் போதவில்லை, பாருங்கள். வந்த பொருள் யாருக்குச் சேரும் என்பதுதான் கேள்வி. அலுவலகத்தில் அன்பளிப்புப் பதிவேடு வைக்கிறோம். வந்த அன்றே தேதி, கொடுத்தவர், உத்தேச மதிப்பு, அவருடைய எந்தக் கோப்பு நம்மிடம் நிலுவையில் இருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத பதிவேடு வெறும் பொருட்பட்டியல். எழுதிய பிறகு பொருள் திரும்பிப் போக வேண்டும், அல்லது நிறுவனத்துக்குச் சேர வேண்டும். கொள்முதல் அதிகாரியே பதிவேட்டையும் வைத்திருந்தால் பயனில்லை, அன்பளிப்பு அதிகம் வருவதே அவருக்குத்தான். மனைவி மக்கள் பெயரில் வருவதும் இதே கணக்குத்தான். நாற்காலி இல்லாவிட்டால் வந்திருக்குமா? இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்து. குர்ஆனின் மிக நீண்ட வசனம், 2:282, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுத்தர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்கக் கூடாது. இன்றைய கொள்முதலில் இதன்படி நடப்பதென்றால், பொருள் கேட்பவர், ஒப்புதல் தருபவர், சரக்கை எண்ணி வாங்குபவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். அவசரம் என்று வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பார்கள். அங்கேதான் சாட்சி செத்துப்போகிறது.

நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைப் பதிவு செய்தார்கள். நாமும் பொறுப்பேற்கும் நாளில் ஒரு சொத்துப் பட்டியல், பிறகு ஆண்டுக்கொன்று வாங்கலாம். முதல் பட்டியல் தலைவருடையதாக இருக்கட்டும்.