விதைக்கு எடுத்த பிறகுதான் களிக்கு

(தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஒரு திருவிழா மேடை. தலைப்பு: ‘வீட்டில் பணம் தங்குவது செலவைக் குறைப்பதாலா, முதலில் எடுத்து வைப்பதாலா?’ ‘எடுத்து வைப்பதாலேயே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, காடு கழனி வேலை முடித்து வந்து பனியில் உட்கார்ந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு பட்டியல் வாசித்தார். கடை டீ, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, செல்போன் ரீசார்ஜ், பிறந்தநாள் கேக். இவற்றை நிறுத்தினால் மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். அண்ணா, உங்கள் கூட்டலில் பிழை இல்லை. அந்த இரண்டாயிரம் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. போன மாதம் டீயை நிறுத்தியவர்கள் யாராவது எழுந்து, “இதோ, அந்தப் பணம்” என்று காட்ட முடியுமா? டீக்குப் போகாத பணம் சட்டைப் பையிலேயே இருந்தது. பையில் இருந்ததால் வேறொன்றுக்குப் போய்விட்டது.

நம் பக்கத்துக் கேழ்வரகுக் களத்தை நினைத்துப் பாருங்கள். கதிர் அறுத்து வந்ததும் என் பாட்டி முதலில் என்ன செய்வார்? நல்ல முற்றிய கதிர்களாகப் பொறுக்கி, விதைக்கென்று தனியே கட்டி, அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிடுவார். அதற்குப் பிறகுதான் மற்றது குதிருக்குப் போகும், திரிகைக்குப் போகும், களியாகத் தட்டுக்கு வரும். தின்றது போக மிஞ்சியதை விதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. மழை பொய்த்த ஆண்டில் களி கூழானது. விதை விதையாகவே தொங்கியது. தவசத்தில் இத்தனை தெளிவாக இருந்த நாம், பணம் என்று வந்ததும் ஏன் தலைகீழாக நடக்கிறோம்? செலவெல்லாம் முடியட்டும், மிஞ்சினால் பார்க்கலாம் என்கிறோம். மாதக் கடைசியில் மிஞ்சுவது மளிகைக் கடைப் பாக்கிதான்.

“எடுத்து வைப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமே” என்று எதிரணியில் ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் எந்த மாவட்டத்தில் தொடங்கியது தெரியுமா? 1989ஆம் ஆண்டு, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலேயே பின்தங்கிய மாவட்டம் என்று பெயர் வாங்கியிருந்த நம் ஊரில்தான் அதைத் தொடங்கினார்கள். அந்தக் குழுக்களில் சேர்ந்தவர்கள் யார்? களை எடுத்தவர்கள், கல் உடைத்தவர்கள், புளி தட்டியவர்கள். கூட்டம் தொடங்கியதும் முதல் வேலை, சந்தாவைக் கீழே வைப்பது. பேச்சு, கடன் கோரிக்கை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்கள் வீட்டில் நிறுத்துவதற்குப் பிரியாணியும் இல்லை, கேக்கும் இல்லை. ஆனாலும் பணம் சேர்ந்தது. பத்தும் இருபதுமாகச் சேர்ந்த அந்தப் பணத்தின் ஒழுங்கைப் பார்த்துத்தான் வங்கிகள் பின்னால் கடன் கொடுக்க வந்தன.

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் வேதனையோடுதான் சொல்கிறேன். ‘செலவைக் குறை’ என்று ஒரு வீட்டில் சொன்னால், முதலில் யாருடைய செலவு குறைகிறது? அப்பாவின் பீடிக்கட்டா? இல்லை. அம்மாவின் தட்டில் முட்டை குறைகிறது. பால் முழுவதும் சங்கத்துக்குப் போய், வீட்டில் பால் இல்லாத டீ வைக்கிறார்கள். மகனுக்கு டியூஷன் தொடர்கிறது, மகளுக்கு நின்றுவிடுகிறது. மூட்டு வலி மாத்திரை, “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று தள்ளிப் போகிறது. எதிரணியினர் சிக்கனம் என்ற நல்ல சொல்லைச் சொல்கிறார்கள். வீட்டில் குரல் எழுப்பாதவர்களின் பங்கைப் பிடுங்குவதாக அது முடிவதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். சாராயக் கடைக்கும் செல்போன் சூதாட்டத்துக்கும் போகிற பணத்தை நிறுத்துங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அப்படி நிறுத்திய பணத்தையும் அன்றைக்கே எடுத்து வைக்காவிட்டால், அதுவும் தங்காது.

எதிரணி பேசிய மாதக் கணக்கு, மாதச் சம்பளக்காரருக்குத்தான் பொருந்தும். நம் வருமானம் அப்படியா வருகிறது? கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரருக்கு வைகாசி, ஆனியில் மொத்தமாக வருகிறது, பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. பட்டுக்கூடு எடுப்பவருக்குக் கூடு விற்ற நாளில் வருகிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை வருகிறது. தக்காளிக்காரரைக் கேட்கவே வேண்டாம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே தக்காளியை, பறிகூலி கட்டாமல் செடியிலேயே விட்ட நாட்களும் இந்த ஊருக்குத் தெரியும். மொத்தமாக வருகிற பணம், இனி எப்போதும் இப்படியே வரும் என்ற மயக்கத்தைக் கொடுக்கும். வந்த அன்றே அதைப் பிரித்து வைக்காவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கவே கடன் வாங்க வேண்டியிருக்கும்.

எப்படிப் பிரிப்பது? ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு 12,000. தீபாவளிக்கு 10,000. பொங்கலுக்கு 4,000. மொய், சீர் என்று ஆண்டுக்கு 10,000. மொத்தம் 36,000 ரூபாய். இவற்றைத் ‘திடீர்ச் செலவு’ என்கிறோம். ஜூன் மாதம் திடீரென்றா வருகிறது? பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000. மாம்பழக்காரராக இருந்தால், பழம் விற்ற பணத்திலேயே 36,000 ரூபாயை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒதுக்காதவர் என்ன செய்கிறார்? பள்ளிக்கூடம் திறக்கும்போது நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு 12,000 வாங்குகிறார். மாதம் 360 ரூபாய் வட்டி, பத்து மாதத்தில் 3,600. அசல் அப்படியே நிற்கிறது. மூன்று ரூபாய் வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. ஆண்டுக்கு அது 36 சதவீதம்!

எடுத்து வைத்த பணம் கைக்கு எட்டுகிற இடத்திலும் இருக்கக் கூடாது. அஞ்சறைப் பெட்டியில் வைத்தால் அன்று மாலையே யாராவது கேட்பார்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 6.7 சதவீத வட்டியில், ஐந்து ஆண்டில் நாம் கட்டிய 60,000 ரூபாய் ஏறக்குறைய 71,000 ஆகிறது. சீட்டுத்தான் போடுவேன் என்பவர்கள், பதிவு செய்த சீட்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தெரிந்தவர், நல்லவர் என்பது ரசீது ஆகாது.

2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்த 1,000 ரூபாய் வந்ததும் வீட்டில் கேஸ் சிலிண்டருக்குக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். அக்காமார்களே, முழுவதையும் சேமியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்த அன்றே 100 ரூபாய், உங்கள் பெயரில், உங்கள் புத்தகத்தில் விழட்டும்.

என் அம்மா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குழுவில் சேர்ந்தார். வாரம் பத்து ரூபாய். ஒரு வாரம் வீட்டில் அரிசி இல்லை. அன்றும் கூட்டத்துக்குக் கிளம்பியவரை அப்பா திட்டினார். அம்மா சந்தாவை வைத்துவிட்டு, அதே கூட்டத்தில் நூறு ரூபாய் கடன் கேட்டு வாங்கி, அரிசியோடு வீட்டுக்கு வந்தார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அந்த வட்டியும் குழுவின் கணக்கிலேயே சேர்ந்தது. என் கல்லூரிக் கட்டணத்தின் முதல் தவணையும் அந்தக் குழுவிலிருந்துதான் வந்தது. அம்மா இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நடுவர் அவர்களே. நாளைக் காலை அவருக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது. சந்தாப் பணத்தை இன்று மாலையே முந்தானையில் முடிந்து வைத்துவிட்டார்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.