முந்நூறு குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு சதுப்பு நிலம்

(மலேசியாவின் கிரியான் வட்டாரத்தில் உள்ள பாகான் செராயில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் பிரச்சுவாப் கிரி கான் மாநிலத்தில், வளைகுடாக் கரையில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. காவ் சாம் ரோய் யோட் என்று பெயர். முந்நூறு சிகர மலை என்று பொருள். 1966இல் அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டின் முதல் கடற்கரைத் தேசியப் பூங்கா அதுதான். பரப்பளவு 98 சதுர கிலோமீட்டர். அதற்குள் கடல் இருக்கிறது, பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு இருக்கிறது, 605 மீட்டர் வரை செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. குன்றுகளுக்கு மேற்கே நன்னீர்ச் சதுப்பு.

நம் எல்லை ஊரான பாடாங் பெசாரிலிருந்து பேங்காக் போகும் ரயில் அந்த மாநிலம் வழியாகத்தான் போகிறது. 1943இல், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்களையும் அந்தத் தண்டவாளத்தில்தான் தாய்லாந்தின் பான்போங் வரை கொண்டுபோனார்கள். இதைச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பிராயா நக்கோன் குகைக்குத்தான் போகிறார்கள். கூரை இடிந்து வானம் தெரியும் குகை அது. உள்ளே சயாம் மன்னர் சூலாலோங்கோனின் வருகைக்காக 1890இல் எழுப்பிய மண்டபம் நிற்கிறது. காலை வெயில் அதன்மேல் விழும்போது படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அழகான இடம்தான். ஆனால் அந்தப் பூங்காவின் உயிர் கீழே, தண்ணீரில் இருக்கிறது.

மலைமேல் இருக்கும் விலங்குகள் நமக்குப் பழக்கமானவை. பினாங்கு மலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு பார்க்கிறோமே, அதே குரங்கு அங்கேயும் உண்டு. மலாய்க்காரர்கள் கம்பிங் குருன் என்று சொல்லும் மலையாடும் உண்டு. சதுப்பில் இருப்பதைத்தான் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்: மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. விரல்களுக்கு நடுவே சவ்வு. கரையில் பதுங்கி உட்கார்ந்திருந்து, தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்து மீனைக் கவ்வும். அது வாழும் ஈரநிலம் ஆசியா முழுவதும் சுருங்கிக்கொண்டே வருகிறது. தாய்லாந்தில் அது இன்னும் நிலைத்திருப்பதாக உறுதியாகச் சொல்லக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அந்தச் சதுப்புக்கு என்ன ஆனது தெரியுமா? பரப்பு ஏறக்குறைய 69 சதுர கிலோமீட்டர். பூங்கா எல்லைக்குள் வருவது அதில் ஒரு பகுதி மட்டும். 1980களில் இறால் விலை ஏறியது. கரையோரமெங்கும் குளம் வெட்டினார்கள். பூங்கா எல்லைக்குள்ளும் வெட்டினார்கள். கடல்நீரை இறைத்து நிரப்பினார்கள். 90களில் இறாலுக்கு நோய் வந்தது. பல குளங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். உப்பு ஏறிய மண்ணில் கோரை எப்படி முளைக்கும்? பாக்காவ் காட்டுச் சேற்றில் கந்தகம் இருக்கிறது. அதைக் கிளறிக் காற்றுப்படப் போட்டால் அமிலமாகிவிடும். கன்று நட்டாலும் எளிதில் பிடிக்காது. பூனையும் மீன் தேடிக் குளத்துக்கு வருகிறது. வரும் இடத்தில் கண்ணியிலும் விஷத்திலும் சாகிறது. 2008இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற உலக ஒப்பந்தத்தின்கீழ் அந்தச் சதுப்பு உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமானது. பூங்கா அறிவித்து 42 ஆண்டு கழித்து! மலையை முதலில் காப்பாற்றினார்கள், தண்ணீரைக் கடைசியில் நினைத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் போய்விட முடியாது. இந்தக் கிரியான் மண்ணே சதுப்பாக இருந்ததுதானே? கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து இங்கே தண்ணீர் வடியக் கான் வெட்டியவர்கள் நம் பாட்டன்மார். இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டினார்கள். மலேரியாவில் லயம் லயமாகச் செத்தார்கள். சதுப்பு என்றால் சாவு என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. சயாம் மன்னர் மோங்குட்டே 1868இல் அதே பிரச்சுவாப் கடற்கரைக்குச் சூரிய கிரகணம் பார்க்கப் போய், மலேரியாவோடு திரும்பி இறந்தவர்தான். அந்தப் பயம் நமக்கும் வந்திருக்கிறது. பயன்படுத்தாத சேற்றைப் பார்த்தால், “சும்மாக் கிடக்குது, செம்பனை போடலாம், இறால் குளம் வெட்டலாம்” என்று வாய் தானாகச் சொல்கிறது. நான் மறுப்பது அந்தச் “சும்மா”வைத்தான்.

மாத்தாங் பாக்காவ் காடு நம் வாசலில் இருக்கிறது. ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். நூறு ஆண்டுக்கும் மேலாக வரையறை வைத்து மரம் வெட்டி, மறுபடி வளர்த்து, கோலா செபெத்தாங்கில் கரி சுடுகிறார்கள். காடும் நிற்கிறது, பிழைப்பும் நடக்கிறது. அதன் வடக்கு முனையில் கோலா குலா. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வரும் கரைப்பறவைகள் அங்கே சேற்றில் இரை தேடும். சைபீரியா வரை போய்வரும் பறவைகள் அவை. சாம் ரோய் யோட்டும் கோலா குலாவும் அவற்றுக்கு ஒரே வான்வழியில் இருக்கும் இரண்டு தங்குமிடங்கள். அங்கே சேறு போனால் இங்கே வரும் கூட்டம் குறையும். இங்கே போனால் அங்கேயும் அப்படித்தான்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருடா வருடம் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குப் பஸ் பிடித்துக் கூட்டிப்போகிறீர்கள். இந்த முறை நவம்பரில் ஒரு பஸ்ஸைக் கோலா குலாவுக்குத் திருப்புங்கள். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும், அப்போதுதான் பறவைகள் இறங்கும். தொலைநோக்கி நான் கொண்டுவருகிறேன். பெற்றோர்களில் யாராவது தாய்லாந்துக்குப் போவதாக இருந்தால், குகையைப் பார்த்த கையோடு மேற்குப் பக்கம் சதுப்புக்கும் போய், அந்த ஊர்ப் படகுக்காரருக்குக் கூலி கொடுத்து ஒரு சுற்று வாருங்கள். தண்ணீரை அப்படியே விட்டுவைத்தாலும் பிழைப்பு உண்டு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.