அட்மிஷன் கடிதம் வந்த பிறகு

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் ஹை ஸ்கூல் முடித்து, ஆகஸ்டில் அமெரிக்கக் காலேஜ் ஒன்றில் முதல் வருடம் சேரப்போகிற பிள்ளைகளுக்காக ஏற்பாடு செய்த கூட்டம் இது. அரங்கத்தைப் பார்த்தால் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் அப்பாக்களும்தான். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லப்போகிற வேலைகளில் முக்கால்வாசியை நீங்கள் செய்யக்கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அட்மிஷன் கிடைத்தது என்றால் நிச்சயதார்த்தம் முடிந்த மாதிரி. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. பெரும்பாலான காலேஜ்களில் மே 1-ஆம் தேதிக்குள் டெபாசிட் கட்டி 'வருகிறேன்' என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பம்: கடைசி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), தடுப்பூசிச் சான்று, விடுதி ஒப்பந்தம், கணக்குப் பாடத்தை எந்த நிலையில் தொடங்குவது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட், ஓரியன்டேஷன் (அறிமுக நிகழ்ச்சி), பாடப் பதிவு, ஃபீஸ் பில். இந்த மூன்று மாதத்தில் எங்கேயாவது ஒரு படியைத் தவறவிட்டு, டெபாசிட் கட்டிய பிறகும் காலேஜுக்கு வராமலே போகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. இதற்கு 'சம்மர் மெல்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வீட்டில் முதல் தலைமுறையாக இங்கே காலேஜ் போகிறவர்களிடம் இது அதிகம். நம்மில் பலர் பட்டம் வாங்கியவர்கள்தான். ஆனால் ஊரில் கவுன்சலிங்கில் சீட் வாங்கிய அனுபவம் இங்கே உதவாது.

ஒன்றை முதலில் சரிபாருங்கள். விண்ணப்பத்தில் 'ஃபர்ஸ்ட் டைம் ஃப்ரெஷ்மேன்' (முதன்முறையாகக் காலேஜ் சேரும் முதல் வருட மாணவர்) என்று குறித்தீர்களே, அது உண்மையாகவே நீடிக்கிறதா? ஹை ஸ்கூலில் படிக்கும்போதே காலேஜ் பாடமும் எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட்டில் எத்தனை கிரெடிட் (பாடத்துக்கான மதிப்பு அலகு) எடுத்திருந்தாலும் பெரும்பாலான இடங்களில் நீங்கள் ஃப்ரெஷ்மேன்தான். ஸ்கூல் முடித்த கோடையில் ஒரு பாடம் எடுத்தாலும் பல இடங்களில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு வருடம் தள்ளிப் போகலாம் என்று முடிவு செய்து, அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் 'சும்மா' இரண்டு பாடத்தில் சேர்ந்தால், சில பல்கலைக்கழகங்கள் உங்களை வேறு காலேஜிலிருந்து மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அப்போது உதவித்தொகை விதிகளும் மாறலாம். சேருவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சரி, பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கூல் போர்ட்டலில் பிள்ளையின் மார்க்கைப் பிள்ளைக்கு முன்னாலேயே பார்த்துப் பழகியவர்கள் நாம். காலேஜில் அது நடக்காது. 1974-இல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, பதினெட்டு வயதானாலோ காலேஜில் சேர்ந்தாலோ கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. "ஃபீஸ் கட்டுகிறவன் நான், மார்க்கைக் காட்ட மாட்டீர்களா?" என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. வருமான வரிக் கணக்கில் பிள்ளை உங்களைச் சார்ந்தவர் என்றால் காலேஜ் சொல்லலாம் என்று சட்டம் இடம் தருகிறது. சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளையே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பல இடங்களில் வழி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், மிரட்டி வாங்காதீர்கள். மருத்துவத்திலும் இதே கதைதான். பதினெட்டு முடிந்த பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் டாக்டர் உங்களிடம் பேசத் தயங்கலாம். பிள்ளை சார்பில் மருத்துவ முடிவெடுக்க உங்களை நியமிக்கும் ஹெல்த் கேர் ப்ராக்ஸி படிவத்தை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. காலேஜ் அனுப்பும் எல்லாத் தகவலும் மாணவருக்குக் கொடுத்த புது மின்னஞ்சலுக்குத்தான் போகும். பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் மின்னஞ்சலைத் தினமும் திறக்கிறீர்கள் என்று கேட்டு உங்களை இங்கே சங்கடப்படுத்தப் போவதில்லை. ஜூன் முதல் திறந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கூட்டாட்சி அரசின் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். 2024-25 கல்வியாண்டுக்கான புதிய படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்து, எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. அந்த மாற்றத்தில், குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்று மதிப்பிடும் பழைய இஎஃப்சி போய் எஸ்ஏஐ என்ற கணக்கு வந்தது. முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் காலேஜில் இருந்தால் குடும்பத்தின் பங்கு பிரிந்து குறையும். கூட்டாட்சி அரசின் கணக்கில் அந்தச் சலுகை இப்போது இல்லை. இரட்டையர் வைத்திருப்பவர்களும் அடுத்தடுத்த வயதில் பிள்ளைகள் உள்ளவர்களும் இதைக் கவனியுங்கள்.

உதவிக் கடிதம் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். கிராண்ட், ஸ்காலர்ஷிப் என்று இருப்பதுதான் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். அதே பட்டியலில் கடனும் உட்கார்ந்திருக்கும். பெற்றோரைச் சார்ந்த முதல் வருட மாணவருக்குக் கூட்டாட்சி அரசின் நேரடிக் கடன் அதிகபட்சம் 5,500 டாலர். அதில் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கிற பகுதி 3,500 டாலருக்கு மேல் போகாது. வொர்க் ஸ்டடி என்று எழுதியிருப்பது வேலை பார்த்துச் சம்பாதித்தால் வரும் பணம். ஆகஸ்ட் பில்லில் அது தானாகக் கழியாது. கடனையும் வொர்க் ஸ்டடியையும் அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் கடிதம் பேசுகிற உண்மை தெரியும்.

அந்த பில்லில் மருத்துவக் காப்பீடு என்று ஒரு கட்டணம், சில இடங்களில் ஆயிரக்கணக்கான டாலரில், பல காலேஜ்களில் இருக்கும். அப்பாவின் வேலையிடத்துக் காப்பீடு 26 வயது வரை பிள்ளையையும் காக்கும் என்றால், குறித்த தேதிக்குள் வேவர் (விலக்கு விண்ணப்பம்) போட்டு அந்தக் கட்டணத்தை நீக்கலாம். தேதி தாண்டினால் கட்ட வேண்டியதுதான்.

பாடப் பதிவில் ஒரு பொறி. செமஸ்டருக்குப் பன்னிரண்டு கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர், உதவித்தொகைக்கும் பெரும்பாலும் அது போதும். ஆனால் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும்; எட்டு செமஸ்டரில் முடிக்க சராசரி பதினைந்து வரவேண்டும். பன்னிரண்டிலேயே ஓட்டினால் ஐந்தாவது வருட ஃபீஸ் உங்கள் தலையில். ஹை ஸ்கூலில் எழுதிய ஏபி (காலேஜ் நிலைப் பாடம்) தேர்வு மதிப்பெண் இதற்குக் கைகொடுக்கும். என்றாலும், எஞ்சினியரிங் போகிறவர் கால்குலஸில் கொஞ்சம் தடுமாறியிருந்தால், கிரெடிட் கிடைக்கிறதே என்று அடுத்த நிலைக்குத் தாவ வேண்டியதில்லை. இதை அட்வைசரிடம் கேட்க வேண்டியவர் மாணவர். பின்னாலிருந்து அம்மா கேட்கக்கூடாது. ஓரியன்டேஷனுக்கு எவ்வளவு சீக்கிரத் தேதி கிடைக்கிறதோ எடுங்கள், பல இடங்களில் பாடப் பதிவு அங்கேயே நடக்கிறது. தடுப்பூசிச் சான்று போகாததால் மாணவர் கணக்கில் 'ஹோல்ட்' (தடை) விழுந்திருந்தால் அன்றைக்குப் பதிவு செய்யவே முடியாது.

கடைசியாக, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு. ஃபாஃப்சா வழியாகக் கிடைக்கும் கூட்டாட்சி உதவி உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. சில தனியார் காலேஜ்கள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற வேறொரு நிதி உதவி விண்ணப்பம் வழியாகத் தங்கள் சொந்தப் பணத்தில் உதவுகின்றன. மாநிலவாசிகளுக்கான குறைந்த ஃபீஸ் ஹெச்-4 மாணவருக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாநிலவாசி என்று காட்டும் ரெசிடென்சி படிவத்தைத் தனியாக நிரப்ப வேண்டியிருக்கும். அப்புறம், இருபத்தொரு வயதில் ஹெச்-4 முடிந்துவிடும். அநேகமாக மூன்றாம் வருடத்தின் நடுவில் அது வரும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முதல் செமஸ்டரிலேயே இன்டர்நேஷனல் ஆபீஸுக்குப் போய் ஒருமுறை பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். தனியாக.