மடிப்பு விழாத மூளையோடு பிறக்கும் குழந்தைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் ஏற்படும் குறைகள் பலவகை. அவற்றில் லிசென்செஃபலி என்ற ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். மூளையின் மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய மடிப்புகள் உருவாகாமல் வழவழவென்று இருந்துவிடும் நிலை இது. மிக அரிது, லட்சம் பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும்.

இந்த நோய் வந்த வீட்டில் அதிகம் காதில் விழும் வார்த்தை, "ஒண்ணும் செய்ய முடியாது." மூளையில் மடிப்பை உண்டாக்க எந்த மருந்தும் இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தக் குழந்தைகளை வாட்டுவதும் உயிருக்கு ஆபத்தாவதும் பெரும்பாலும் வலிப்பும், புரையேறி வரும் நிமோனியாவும்தான். இரண்டிலும் நம்மால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் இது எப்படி வருகிறது என்று பார்ப்போம். கருவில் நரம்பு செல்கள் மூளையின் நடுவே, நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில் பிறக்கின்றன. பந்தல் காலைப் பற்றிக் கொடி ஏறுவதுபோல, நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்புறம் நகர்கின்றன. கர்ப்பத்தின் 12-ஆவது வாரத்திலிருந்து 24-ஆவது வாரம் வரை இது மும்முரமாக நடக்கும். முதலில் வந்த செல்கள் அடியில் தங்க, பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போய் அமர, ஆறு அடுக்குகள் உருவாகும். செல்லை நகர்த்தும் புரதத்தில் குறை இருந்தால், செல்கள் பாதி வழியிலேயே தங்கிவிடும். 3, 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டிய புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தடித்து, நான்கே அடுக்கோடு நின்றுவிடும்.

இதற்குக் காரணமான ஜீன்களில் முக்கியமானவை இரண்டு. 17-ஆவது குரோமோசோமில் இருக்கும் லிஸ்1, 1993-இல் கண்டறியப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் டி.சி.எக்ஸ், 1998-இல். லிஸ்1 கெட்டால் மூளையின் பின்பகுதி அதிகம் பாதிக்கும், டி.சி.எக்ஸ் கெட்டால் முன்பகுதி. எம்.ஆர்.ஐ. படத்தை வைத்தே எந்த ஜீன் என்று தேர்ந்த டாக்டரால் ஓரளவு ஊகிக்க முடியும். லிஸ்1-உடன் பக்கத்து ஜீன்களும் சேர்ந்து உதிர்ந்துபோனால் அது மில்லர்-டீக்கர் குறைபாடு. அதில் முக அமைப்பிலும் வித்தியாசம் தெரியும், சிலருக்கு இதயத்திலும் கோளாறு இருக்கும். இந்த இரண்டு ஜீன் அல்லாமல், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் சி.எம்.வி. என்ற வைரஸ் தொற்றும் மூளை மடிப்பைக் கெடுக்கலாம். அதை உறுதிசெய்யக் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பிறந்த 21 நாளுக்குள் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தெரிந்தாலும், பிறந்த பின் தொற்றியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 20 வாரக் கருவின் மூளை இயல்பாகவே வழவழப்பாகத்தான் இருக்கும். பெரும்பாலான மடிப்புகள் அதற்குப் பிறகுதான் விழும். அதனால் அந்த ஸ்கேனில் இது தெரியாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். 28 வாரத்துக்குப் பிறகுதான் சந்தேகமே வரும். இதே காரணத்தால், ஆறு ஏழு மாதத்தில் பிறந்த குறைமாதக் குழந்தையின் ஸ்கேனைப் பார்த்து அவசரப்பட்டு இந்த நோய் என்று சொல்லிவிடவும் கூடாது.

பிறந்தபோது பல குழந்தைகள் சாதாரணமாகவே தெரியும். 3, 4 மாதம் ஆகியும் தலை நிற்காது. முகம் பார்த்துச் சிரிப்பது குறைவாக இருக்கும். உடம்பு துவண்டு கிடக்கும். அப்புறம் வலிப்பு ஆரம்பிக்கும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் வலிப்பு வரும், அதுவும் பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே.

இங்கேதான் காலம் வீணாகிறது. இந்த வயதில் வரும் வலிப்பு, நாம் பார்த்துப் பழகிய வெட்டு வலிப்பு மாதிரி இருக்காது. தூங்கி எழுந்தவுடன் குழந்தை தலையைச் சட்டென்று முன்னால் குனியும், கை இரண்டும் விரிந்து மடங்கும், வயிறு சுருங்கும். ஒன்றிரண்டு நொடியில் விட்டுவிடும். பத்து நொடி கழித்து மறுபடி. இப்படி வரிசையாகப் பத்து, இருபது தடவை வரும்; நடுநடுவே குழந்தை அழும். வீட்டில் பயந்து துள்ளுகிறது என்பார்கள், வயிற்று வலி என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்று புடைத்து எடுக்க ஆள் தேடுவார்கள். சத்தம் கேட்டுத் துள்ளுவது ஒரு தடவையோடு நிற்கும். ஐந்தாறு மாதத்துக்குள் அந்தப் பழக்கமே மறைந்துவிடும். சத்தம் எதுவும் இல்லாமல் கொத்துக் கொத்தாக வந்தால் அது வலிப்புதான் என்று எடுத்துக்கொண்டு, செல்போனில் வீடியோ எடுங்கள். முகமும் இரு கைகளும் தெரியட்டும், இரண்டு நிமிடமாவது ஓடட்டும். அதே வாரத்தில் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் காட்டி, தூக்கத்திலும் விழிப்பிலும் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும்.

இந்த வலிப்புக்கு ஏ.சி.டி.எச். ஊசி, அதிக அளவு பிரெட்னிசலோன், விகாபட்ரின் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொடங்குவார்கள். முதல் இரண்டும் ஸ்டீராய்டு சிகிச்சை. அவற்றைக் கொடுக்கும் நாட்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். "நின்னுடுச்சே" என்று மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது. குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். விகாபட்ரின் என்றால் கண் பரிசோதனை அவசியம்.

பெரிய வலிப்பு வந்தால், குழந்தையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் கொத்துச் சாவி, வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குழந்தை எடை கூடக்கூட அந்த அளவும் மாறும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. விழுங்கும் தசைகளும் சரியாக ஒத்துழைக்காததால் பால் மூச்சுக்குழலுக்குள் போகும். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்கில் ஊற்றுவதை இந்தக் குழந்தைக்கு அறவே விட்டுவிடுங்கள். முதுகு நிமிர்ந்து, தலை சற்றே முன்னால் குனிந்திருக்க வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு மேல் தண்ணீராக இருப்பதைவிட, கரண்டியில் நிற்கும் பதத்துக் கூழ் பெரும்பாலும் எளிதாக இறங்கும். பதத்தை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். ஊட்டி முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது, வாயால் ஊதுவது எல்லாமே ஆபத்து. நுரையீரலுக்குள் போன எண்ணெய் இருமலில் வெளியே வராது, அங்கேயே தங்கி நிமோனியாவாகும்.

சாப்பிடும்போது இருமுகிறது, கண் கலங்குகிறது, மூச்சில் கரகரப்பு கேட்கிறது, அடிக்கடி சளி கட்டுகிறது, ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் ஆகிறது, மாதா மாதம் எடை ஏறவில்லை. இவற்றில் எது இருந்தாலும் டியூப் வழி உணவு பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக. நீண்ட காலம் தேவைப்பட்டால் வயிற்றில் நேரடியாக வைப்பது நல்லது. அதைத் தாயின் தோல்வியாக யாரும் பேசக் கூடாது. வயிறு நிறைந்து, மருந்தும் சரியாக உள்ளே போகும் குழந்தைக்கு வலிப்பும் கட்டுக்குள் வர வாய்ப்பு அதிகம்.

தசைப் பயிற்சிக்கு மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டால் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு.

கடைசியாக ஜீன் டெஸ்ட். "இனி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த குழந்தைக்கு இதுதான் அடிப்படை. லிஸ்1 கோளாறு பெரும்பாலும் புதிதாக வருவது. பெற்றோரின் குரோமோசோம் சரியாக இருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. பெற்றோரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தால் கணக்கே வேறு. தாய் டி.சி.எக்ஸ் கோளாறைச் சுமப்பவர் என்றால், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு வந்தால் அது பெரும்பாலும் இரட்டைப் புறணியாகவும் (புறணிக்கு அடியில் இன்னொரு பட்டை) வலிப்பாகவும் தெரியும். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் என்று தாயைக் குற்றம் சொல்கிறார்கள். லிஸ்1-க்கும் அதற்கும் தொடர்பில்லை. சிறுமூளையும் சிறுத்துப்போகும் ரீலின் வகை போன்ற, தாய் தந்தை இருவரிடமிருந்தும் கோளாறு வந்து சேரும் அரிய வகைகளுக்கு மட்டும் அது பொருந்தும். அவற்றில் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எந்த வகை என்று தெரியாமல் எந்தக் கணக்கும் சொல்ல முடியாது.

குழந்தை இருக்கும்போதே ஓரிரு மில்லி ரத்தம் எடுத்தால் போதும். குரோமோசோமில் உதிர்ந்த துண்டைக் காட்டும் மைக்ரோஅரே டெஸ்டும், அதில் தெரியாவிட்டால் ஜீன் வரிசை டெஸ்டும் செய்வார்கள். இப்போது பணம் கூடவில்லை என்றால், டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்துவைக்கவாவது கேளுங்கள். குழந்தை போன பிறகு இந்த வழி அடைபட்டுவிடும். காரணம் கையில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11-ஆவது வாரத்திலிருந்து 13-ஆவது வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தே பார்த்துவிடலாம். ஏழாம் மாத ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு, ரிப்போர்ட்டின் நகலோடு மரபியல் டாக்டரைக் கர்ப்பமாவதற்கு முன்பே பாருங்கள். முடியாமல் போனால், நாள் தள்ளிப்போன அந்த வாரமே பாருங்கள்.