காப்பீட்டில் பதிந்த நம் நோய் விவரம்

நேயர்களுக்கு வணக்கம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. விசைத்தறியையும் பனியன் கம்பெனியையும் நம்பிப் பிழைக்கும் நம் பகுதிக்கு அது உயிர்காக்கும் திட்டம். அட்டையை நீட்டியதும் ஆதார் எண், ஸ்கேன், பரிசோதனை முடிவு எல்லாம் முன்அனுமதிக்காகக் கணினி வழியே போய்விடுகின்றன. போன பிறகு அவற்றின் மீது நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

முதலில் கைரேகை. சோமனூர்ப் பக்கம் காலமெல்லாம் தறியில் பாவு நூல் பிணைத்து விரல் ரேகை தேய்ந்துபோன ஒரு அம்மா. கருவியில் விரலை வைக்கிறார், துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். "ரேகை விழ மாட்டேங்குதுங்க ஆத்தா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் அது தவறு. ரேகை பொருந்தாததைக் காட்டி அரசுப் பயனை மறுக்கக் கூடாது, மாற்று வழி வைக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்ததுதான் எனக்குப் பெரிய கவலை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பயன்களுக்காக அரசிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தைப் புதிதாக ஒப்புதல் கேட்காமலே பயன்படுத்த 7ஆவது பிரிவில் இடம் தருகிறது. விவரத்தைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமையோ, 11, 12ஆம் பிரிவுகளில், ஒப்புதல் கொடுத்தவருக்கே எழுதப்பட்டிருக்கிறது. ஒப்புதலே கேட்கப்படாத ஏழை நோயாளி எந்தப் பிரிவைக் காட்டுவார்?

பதிவில் தவறே வராது என்றால் பரவாயில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிப்படுத்தியது.

பாதுகாக்கத் தவறி விவரம் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவைப் புதிய சட்டம் நீக்குகிறது. கருப்பை அகற்றியதோ, மனநலச் சிகிச்சை எடுத்ததோ ஊருக்குத் தெரிந்துபோன பெண்ணுக்கு இந்தப் புதிய சட்டத்தின் வழியே ஒரு ரூபாயும் இழப்பீடு கிடைக்காது. இது திருத்தப்பட வேண்டிய அநியாயம்.

அதுவரை கையில் இருப்பதை விடாதீர்கள். சிகிச்சைப் பதிவின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பெயர், வயது, செய்த அறுவை, காப்பீட்டில் கழித்த தொகை நான்கையும் சரிபாருங்கள். செய்யாத சிகிச்சை எழுதியிருந்தால் அங்கேயே மனு கொடுத்து, முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.