மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்

(ஆடிச் சுவாதியன்று எங்கள் ஊர் ஈசுவரன் கோயில் மண்டபத்தில் நடந்த சுந்தரர் குருபூசையில் பேசியது)

சபைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்க்கவுண்டர் ஐயா அவர்களே, அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, முறைமைக்காரர்களே, சற்று முன் பதிகம் பாடி நம்மையெல்லாம் உருக்கிய ஓதுவார் ஐயா அவர்களே, பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தம்பிகளே, பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்த அம்மிணிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பந்தல் போட்டவர்களையும் காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களையும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் இந்த விழாவே இல்லை.

எங்க அப்பாரு ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். மழை பொய்த்து, கிணறு வற்றி, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டுவதை நிறுத்திய வருடத்திலும் அதையேதான் சொன்னார். நான் இன்று பேசப்போவதும் அது ஒன்றைத்தான். ஆண்டவன் நமக்குக் கொடுக்க ஆசைப்படுகிறான். நம்மைவிட அவனுக்குத்தான் அந்த ஆசை அதிகம். இதை நம்ம கொங்கு நாட்டின் மூன்று தலங்களை வைத்துச் சொல்கிறேன்: அவிநாசி, திருமுருகன்பூண்டி, கொடுமுடி.

நாம் என்ன செய்துவிட்டோம் என்றால், "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். பெற்ற பிள்ளையின் கண்ணைக் குத்துகிற தகப்பன் உண்டா? அவிநாசியில் குடியிருக்கிற அம்மனுக்குப் பெயரே கருணாம்பிகை.

தேவாரம் பாடியவர், சிவபெருமானே தோழனாகக் கொண்ட சுந்தரர் அவிநாசிக்கு வருகிறார். மலைநாட்டில் இருக்கும் சேர அரசர் சேரமான் பெருமாளைப் பார்க்கப் போகிற வழி. அன்றைக்கு ஊர்ப் பெயர் புக்கொளியூர். ஒரு தெருவில் நுழைகிறார். ஒரு வீட்டில் மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். நின்றுவிட்டார். ஒரே தெருவில் இந்தப் பக்கம் கல்யாணக்களை, அந்தப் பக்கம் இழவுக்களை என்றால் யாருக்குத்தான் கால் நகரும்?

விசாரிக்கிறார். ஊரார் சொல்கிறார்கள்: "சாமி, ஐந்து வயதில் இரண்டு பையன்கள் சேர்ந்து குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்தவனுக்கு இன்றைக்குப் பூணூல் கல்யாணம். அந்த மேளம்தான் இது. போனவனைப் பெற்றவர்கள் எதிர்வீட்டில் அழுகிறார்கள்." தாய்மார்களே, அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். எதிர்வீட்டு மேளம் ஒவ்வொரு தட்டு தட்டும்போதும், "என் பையன் இருந்திருந்தால்..." என்று வயிறு எரியாதா?

அப்போதுதான் சுந்தரர் வந்திருக்கிற சேதி அந்த வீட்டுக்குள் போகிறது. புருஷனும் பெண்டாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் மலர்ந்து ஓடி வந்து காலில் விழுகிறார்கள். "பிள்ளையை இழந்தவர்கள் நீங்கள்தானா?" என்று கேட்கிறார். "அது என்றோ நடந்து முடிந்தது. உங்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வந்தீர்களே, அது போதும்" என்கிறார்கள். என் பிள்ளையைக் கொடு என்று அவர்கள் கேட்கவேயில்லை. கேட்காத அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. குளத்தங்கரைக்கு நடக்கிறார். பதிகம் எழுகிறது. நான்காம் பாட்டில் சொல்கிறார்: "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே."

"தரச்சொல்லு"! தோழனிடம் பேசுகிற பேச்சு. ஆண்டவன் கோபித்துக்கொண்டானா? முதலை கரையேறி வந்து பிள்ளையை உமிழ்ந்தது. ஐந்து வயதுப் பிள்ளையாக அல்ல. இடையில் போன வருடங்களின் வளர்ச்சியோடு வந்தான். போன உயிரை மட்டும் கொடுத்திருந்தாலே பெரிது. போன வருடங்களையும் சேர்த்துக் கொடுத்தானுங்க! அதன் பிறகு அந்தப் பையனுக்கும் பூணூல் கல்யாணத்தைச் சுந்தரர் நடத்தி வைத்துவிட்டே புறப்பட்டார். எதிர்வீட்டு மேளம் இந்த வீட்டிலும் கேட்டது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்.

பூண்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது அவிநாசிக்கு முந்தைய பயணம். சேரமான் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் திரும்பி வருகிறார். சிவபெருமானே பூதகணங்களை வேடர் வேடத்தில் அனுப்பி எல்லாவற்றையும் பறிக்கிறார். ஏன்? தன் தோழன் இன்னொருவர் கையால் வாங்கியது அவருக்கு ஆகவில்லை. பதிகம் கேட்டு, அத்தனையையும் கோயில் வாசலில் கொண்டுவந்து குவிக்கச் செய்கிறார். கொடுப்பதிலும் தன் கையால்தான் கொடுப்பேன் என்கிற பாசம் அது.

இந்த இடத்தில் பிள்ளை கிடைத்த அந்தக் குளக்கரையை விட்டு எனக்கு நகர முடியவில்லை. அருள் நடந்த இடம் ஒரு நீர்நிலை. நம்ம ஊரிலும் ஒரு குட்டை இருக்கிறது. அதை விழுங்கியிருக்கும் முதலை எது? சீமைக்கருவேலமும், கோழிக்கழிவு மூட்டையும், வீடு இடித்த மண்ணும், பாலித்தீன் பையும். அவற்றை அங்கே கொண்டுபோய்க் கொட்டியது வெளியூர்க்காரர் இல்லை, நாம்தான்.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்கு நம் பெரியவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் போராடினார்கள். 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, பம்பு வைத்து மேடேற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கும் திட்டம். பெரியவர்கள் பட்டினி கிடந்து கேட்ட தண்ணீருங்க அது. குழாய் வாய் வரை அது வந்துவிடும். உள்ளே விழுகிற இடத்தில் குப்பை மேடு இருந்தால் எங்கே நிற்கும்? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், சரி. ஊற்றும்போது பாத்தியை மூடி வைத்திருப்பது பண்ணையம் பண்ணுகிறவனுக்கு அழகா?

ஆண்டவன் காப்பாற்றுவான் என்று நம்புகிறவன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். வரப்போகிற மழைக்கு வரப்பு கட்டி வைப்பான். ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. தூர்வார அனுமதி கேட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். குட்டைக்குத் தண்ணீர் வருகிற பள்ளத்தில் கிடக்கும் குப்பையைக் கையாலேயே அள்ளிவிடலாம்.

மூன்றாவதாகச் சொன்ன கொடுமுடியைப் பற்றி நான் பேசவில்லை; ஓதுவார் ஐயா நாளைக் காலைப் பூசையில் விரிவாகச் சொல்வார், வந்து கேளுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் கூடுகிறோம். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி. கூடை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். எட்டு மணிக்குக் கம்மங்கூழ் காய்ச்சித் தருவதாகத் தாய்மார்கள் ஒத்துக்கொண்டார்கள். டிராக்டர் வைத்திருக்கும் மூன்று பேர் டீசல் தங்கள் செலவு என்று சொல்லிவிட்டார்கள். பெயர் எழுதும் நோட்டு அன்னதானக் கூடத்து வாசலில் இருக்கிறது. சாப்பிடப் போகும்போது எழுதிவிட்டுப் போங்க.