வால்டர் கிரான்கைட்: தொலைபேசியை எடுத்த செய்தியாளர்

[திரை: கறுப்பு வெள்ளைப் படம். மேசை மேல் ஒரு பழைய தொலைபேசி.]

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி. 1936ஆம் ஆண்டு. சின்ன வானொலி நிலையம் ஒன்றில் நிகழ்ச்சி மேலாளர் ஓடி வருகிறார். நகர மன்றக் கட்டடம் பற்றி எரிகிறதாம். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் மேலிருந்து குதித்து இறந்துவிட்டார்களாம். உடனே ஒலிபரப்ப வேண்டுமாம். யார் சொன்ன தகவல்? அவருடைய மனைவி போன் செய்து சொன்னது.

செய்தி வாசிக்கும் இளைஞர் ஒலிவாங்கியின் பக்கம் போகவில்லை. தொலைபேசியை எடுத்தார், தீயணைப்புத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. மேலாளருக்கு வந்ததே கோபம்! மனைவி கண்ணால் பார்த்த பிறகு வேறென்ன சாட்சி? தானே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி வர்ணிக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் பார்த்தால் அது சின்னத் தீ. ஒருவரும் சாகவில்லை. ஆனால் வேலை போனது விசாரிக்க நினைத்த இளைஞருக்கு.

அவர்தான் வால்டர் கிரான்கைட். அந்த நிலையத்தில் அவர் பெயர்கூட அது இல்லை, 'வால்டர் வில்காக்ஸ்'. சொந்தப் பெயரில் புகழ் பெற்றுவிட்டால், வேறு நிலையத்துக்குப் போகும்போது நேயர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வானொலி முதலாளிகளுக்குப் பயம்.

[திரை: போர்க்கால விமானங்கள்.]

1937இல் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு உலகப் போர். 1943 பிப்ரவரியில் குண்டுவீச்சு விமானத்தில் ஏறி ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் மீது பறந்தார். அதே தாக்குதலில் வேறொரு விமானத்தில் சென்ற நியூயார்க் டைம்ஸ் நிருபர் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு, இயந்திரமே இல்லாத கிளைடரில் நெதர்லாந்தில் போய் இறங்கினார். போர் முடிந்ததும் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணை, அப்புறம் மாஸ்கோ. தொலைக்காட்சியில் கால் வைப்பதற்கு முன்பே அவர் பழம் தின்று கொட்டை போட்ட நிருபர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1950இல் சிபிஎஸ் என்ற ஒலி, ஒளிபரப்பு நிறுவனம். 1962 ஏப்ரலில் மாலைச் செய்தி அவர் கைக்கு வந்தது. அப்போது அது 15 நிமிடம்தான். மறு ஆண்டு செப்டம்பரில் அரை மணி நேரமானது. செய்தி வாசிப்பவர் என்ற பெயர் மட்டும் அவருக்குப் போதவில்லை. பத்திரிகை அலுவலகங்களில் இருக்கும் 'நிர்வாக ஆசிரியர்' பதவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எது செய்தி, எது இல்லை என்று முடிவு செய்வதில் தன் கையும் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்.

[திரை: வெற்றுப் பலகை. 'செய்தி அறிவிப்பு' என்ற எழுத்து மட்டும். குரல் கேட்கிறது, முகம் இல்லை.]

1963 நவம்பர் 22, நியூயார்க்கில் மதியம் ஒன்றே முக்கால் மணியை நெருங்கும் நேரம். ஒரு நாடகத் தொடரை இடைமறித்து அவர் குரல் வருகிறது: டல்லாஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். முகத்தைக் காட்ட வழியில்லை. அந்தக் காலக் கேமராவின் குழாய்கள் சூடேறிப் படம் தருவதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும்.

படம் வந்த பிறகு நடந்ததை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கோட்டு இல்லை, சட்டையும் டையும் மட்டும். சுற்றிலும் செய்தி அறையின் பரபரப்பு. டல்லாஸிலிருந்து தகவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதிபர் இறந்துவிட்டார் என்கிறது அங்குள்ள நிலையம். தங்கள் நிருபர் டான் ராதரும் அதையே சொல்கிறார். அதே நிறுவனத்தின் வானொலி மரணத்தை அறிவித்தே விட்டது. கிரான்கைட் என்ன செய்கிறார்? வந்த தகவலை வந்தபடி சொல்கிறார். கூடவே, அதிகாரபூர்வமாக உறுதியாகவில்லை என்பதையும் விடாமல் சொல்கிறார்.

பிறகு ஒரு தாள் அவர் கைக்கு வருகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார். அதிகாரபூர்வமானது என்று தெரிகிறது, என்றுதான் தொடங்குகிறார். அந்த இடத்திலும் 'தெரிகிறது' என்ற ஒரு சொல்லை அவர் விட்டுவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, அதிபர் இறந்து 38 நிமிடம் ஆகிறது என்கிறார். மறுபடி கண்ணாடி. எச்சிலை விழுங்குகிறார். குரல் உடைகிறது. அடுத்த வரியில் துணை அதிபர் ஜான்சன் மருத்துவமனையை விட்டுக் கிளம்பிவிட்டார், எங்கே போகிறார் என்று தெரியவில்லை என்கிறார். தெரியவில்லை என்பதை இவ்வளவு இயல்பாகச் சொன்ன செய்தியாளர்கள் குறைவு.

[திரை: வண்ணப் படம். காதில் தொலைபேசியுடன் கிரான்கைட்.]

1973 ஜனவரி 22. கென்னடிக்குப் பின் அதிபராக இருந்த அதே ஜான்சன் காலமானார். மாலைச் செய்தி நேரலையில் போய்க்கொண்டிருக்கிறது, கேமரா திரும்புகிறது, கிரான்கைட் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். நாடே பார்க்கிறது, அவர் காதில் வைத்த கருவியை எடுக்கவில்லை. மறுமுனையில் ஜான்சனின் உதவியாளர். சொல்வதைக் கேட்டு முடித்த பிறகுதான் நேயர்களிடம் வருகிறார். கான்சாஸ் சிட்டியில் வேலையைப் பறித்த அந்தத் தொலைபேசி!

வியட்நாமுக்கு வருவோம். 1968 பிப்ரவரி 27 அன்று, போர் எங்கும் நகராத முட்டுக்கட்டையில் நிற்கிறது என்று சொன்னார். தன் கருத்தைச் சொல்லாதவர் சொன்ன கருத்து. அதனால்தான், இது ஊகம், தனிப்பட்ட பார்வை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சொன்னார். இதைப் பார்த்த அன்றைய அதிபர் ஜான்சன், கிரான்கைட்டை இழந்தால் நாட்டையே இழந்த மாதிரி என்று புலம்பியதாக ஒரு கதை பல கட்டுரைகளில் வரும். ஆனால் அன்றிரவு ஜான்சன் டெக்சாஸில் ஒரு பிறந்தநாள் விழாவில் இருந்தார். நேரலையில் பார்க்கவே இல்லை. 'அமெரிக்காவின் மிக நம்பகமான மனிதர்' என்ற பட்டமும் அப்படித்தான். 1972 கருத்துக்கணிப்பில் அவரை ஒப்பிட்டது அரசியல்வாதிகளோடு. அந்தப் பந்தயத்தில் யார்தான் ஜெயிக்க மாட்டார்! எதையும் விசாரித்துச் சொன்ன மனிதரைப் பற்றி விசாரிக்காத கதைகள் இத்தனை.

[திரை: நிலவின் மேற்பரப்பு.]

அவரும் பேச்சிழந்த ஒரு நாள் உண்டு. 1969 ஜூலை 20, அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது. மாதக்கணக்கில் படித்துத் தயாராகி வந்தவர், கண்ணாடியைக் கழற்றி, கையைத் தேய்த்துக்கொண்டு, பெருமூச்சு விட்டு, 'ஓ பாய்' என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் 'நிலவரம் இதுதான்' என்ற பொருளில் ஒரு வரியும் தேதியும் சொல்லித்தான் செய்தியை முடிப்பார். அவர் மேலதிகாரி ரிச்சர்ட் சாலன்ட்டுக்கு அந்த வரி பிடிக்காது. நாம் சொன்னதெல்லாம் பிசகில்லாத உண்மை என்பதுபோல் இருக்கிறதே என்பார். எனக்கும் சாலன்ட் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கிரான்கைட் கேட்கவில்லை. 1981 மார்ச் 6, வெள்ளிக்கிழமை, ஓய்வுபெற்ற மாலையிலும் அதே வரியைச் சொல்லி, தேதியையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.